வாசகர் கேள்விகள்: தஞ்சாவூரில் எதை, எந்த நேரத்தில் பார்ப்பது?

தஞ்சாவூர்ப் பயணம் பற்றி வந்த கடிதங்களில் ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தார்கள். அவற்றைச் சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறோம்.

சென்னையிலிருந்து இரவு ரயிலில் வந்து மறுநாள் இரவே திரும்ப வேண்டும். ஒரு பகல்தான் கையில் இருக்கிறது. எந்த வரிசையில் பார்க்கலாம்? (வாசகர், தாம்பரம்)

கடிகாரத்தைப் பார்த்துத் திட்டம் போடுங்கள். தஞ்சாவூரில் ஏமாந்து திரும்புகிறவர்களில் பெரும்பாலோர் நேரத்தில் கோட்டை விட்டவர்கள்தான். கும்பகோணம் பக்கத்துக் கோயில்களை முடித்துக்கொண்டு பதினொன்றரைக்குப் பெரியகோயிலுக்கு வந்து சேர்வார்கள். அதற்குள் பிராகாரக் கல் கொதிக்கத் தொடங்கியிருக்கும். பன்னிரண்டரை வாக்கில் சந்நிதி நடை சாத்திவிடுவார்கள். மறுபடி திறக்க நான்கு மணி ஆகும். விரிப்புக்கு விரிப்பு தாவி ஓடி, ஒரு படம் எடுத்துக்கொண்டு அரண்மனைக்குப் போனால் அங்கே சாப்பாட்டு இடைவேளை.

உழவன் எக்ஸ்பிரஸில் வந்தால் விடியற்காலையில் இறங்கிவிடலாம். நிலையத்திலிருந்து கோயில் இரண்டு கிலோமீட்டருக்குள்தான். ஆறரைக்கு உள்ளே நுழைந்தால் ஒன்பது வரை காலைப் பொசுக்காத கல்லில் நிதானமாக நடக்கலாம். கோயில் கிழக்கு பார்த்தது என்பதால் காலை வெயில் நேராக முகப்பில் விழும். நந்தியும் விமானமும் (கருவறைக்கு மேல் எழும் கோபுரம்) ஒரே சட்டத்தில் வேண்டுமென்றால் அந்த நேரம்தான் தோது. டிபனை முடித்துக்கொண்டு பத்து மணிக்கு அரண்மனை. ஒரு மணி வரை அங்கே. உச்சி வெயிலுக்குச் சாப்பாடு, ஓய்வு. ஐந்து மணிக்கு மறுபடியும் பெரியகோயில்.

இரண்டாம் முறை எதற்கு என்று கேட்பீர்கள். மாலையில் சூரியன் விமானத்தின் மேற்குச் சுவருக்குப் போய்விடும், காலையில் நிழலுக்குள் இருந்த சிற்பங்கள் அப்போதுதான் எழும்பி நிற்கும். இருட்டியதும் விளக்குப் போடுவார்கள். ஊர்க்காரர்கள் குடும்பத்தோடு வந்து பிராகாரத்தில் உட்கார்ந்திருப்பதும் அந்த நேரத்தில்தான். பிரதோஷ நாளாக இருந்தால் மட்டும் கணக்கு மாறும். நாலரையிலிருந்து ஆறு வரை நந்தி அபிஷேகத்துக்குக் கூட்டம் நெரியும். அபிஷேகம் பார்க்க வருகிறவர்களுக்கு அது பாக்கியம், சிற்பம் பார்க்க வருகிறவர்கள் ஆறரைக்கு மேல் வரலாம்.

பெரியகோயிலுக்குள் எப்படிச் சுற்றுவது? போனமுறை சாமி கும்பிட்டுவிட்டு வெளியே வந்துவிட்டோம். நிறைய விட்டுவிட்டோம் என்கிறார்கள். (வாசகி, ஈரோடு)

வாசலிலேயே தொடங்குங்கள். முதலில் வருவது மராட்டியர் கால நுழைவாயில். அடுத்து கேரளாந்தகன் திருவாசல், அதற்கடுத்து இராசராசன் திருவாசல். எல்லாரும் வேகமாகக் கடந்துபோகும் இந்த மூன்றாவது வாசலில்தான் அரைமணி நேரம் நிற்க வேண்டும். அடித்தளத்தில் மார்க்கண்டேயன் கதை, அர்ச்சுனன் பாசுபதம் பெற்ற கதை என்று சிறு சிறு சிற்பத் தொகுதிகள் ஓடுகின்றன. மேலே பிரம்மாண்டமான துவாரபாலகர்கள். அவர்கள் காலடியில் ஒரு பாம்பு யானையை விழுங்கிக்கொண்டிருக்கும். யானையை விழுங்கும் பாம்பு எவ்வளவு பெரியது, அந்தப் பாம்பே காலடியில் கிடந்தால் காவலர் எவ்வளவு பெரியவர், அவர் காக்கும் சாமி எவ்வளவு பெரியவர் என்று அளவை நம் மனதுக்குள் ஏற்றும் உத்தி அது.

நந்தி ஒரே கல்லால் ஆனது, ஆனால் இராசராசன் காலத்தது அல்ல. நாயக்கர் காலத்தில் வந்தது. அம்மன் சந்நிதி 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது, முருகன் சந்நிதி நாயக்கர் காலத்தது. 1010இல் முடிந்த மூலக்கோயிலோடு இவற்றைக் குழப்பிக்கொள்ளாமல் பார்த்தால், ஒரே முற்றத்தில் பல காலத்துக் கைகளைப் பிரித்தறியலாம். நந்தியிலிருந்து இடப்பக்கம் திரும்பித் தென்புறமாக வலம் வாருங்கள். வடமேற்கு மூலையில் முருகன் சந்நிதி. கல்லை மரம்போல இழைத்திருக்கும் அதன் தூண்களையும் சுவர்களையும் மூலக்கோயிலின் கம்பீரமான எளிமையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அறுநூறு ஆண்டுகளில் ரசனை எவ்வளவு மாறியிருக்கிறது என்பது அங்கே தெரியும்.

விமானத்தின் அடித்தளத்தைச் சுற்றிலும் கல்வெட்டு. 'நாம் கொடுத்தனவும், அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும், மற்றும் கொடுத்தார் கொடுத்தனவும்' கல்லில் வெட்டச் சொன்ன அரசனின் ஆணை இங்கேதான் இருக்கிறது. அக்கன் என்பது குந்தவை. கோயிலுக்கு வந்த தளிச்சேரிப் பெண்டுகள் (கோயில் ஆடல் மகளிர்) 400 பேரின் பெயரும், எந்த ஊரிலிருந்து வந்தார்கள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதும்கூட வெட்டப்பட்டிருக்கிறது. எழுத்துகள் கண்ணுக்கு நேராகவே இருக்கின்றன. க, ட, ப, ம போன்றவற்றைப் பழகிய கண் பத்து நிமிடத்தில் பிடித்துவிடும். பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல விளையாட்டு அங்கே கிடையாது. தொட்டுத் தடவிப் படிக்க மட்டும் விடாதீர்கள்.

வழிகாட்டி ஒருவர் 'கோபுர நிழல் தரையில் விழாது, உச்சிக் கல் 80 டன் எடையுள்ள ஒரே கல்' என்றார். உண்மையா? (வாசகர், மதுரை)

முதலாவதைச் சோதிக்க உங்கள் கண்ணே போதும். காலை ஏழு மணிக்கு விமானத்துக்கு மேற்கே நில்லுங்கள், நிழலுக்குள்தான் நின்றுகொண்டிருப்பீர்கள். மாலையில் கிழக்கே விழும். நடுப்பகலில் சூரியன் உச்சியில் இருக்கும்போது மேல்தளங்களின் நிழல் அகன்ற அடித்தளத்துக்குள்ளேயே அடங்கிவிடுகிறது. அதிலிருந்து கிளம்பிய கதை இது. சிகரமும் ஒற்றைக் கல் அல்ல, பல கற்களை இணைத்துச் செதுக்கியது என்பதே ஆய்வாளர்கள் முடிவு. சுமார் 216 அடி உயரத்துக்குக் கருங்கல்லை அடுக்கியதும், கருங்கல்லே இல்லாத வண்டல் பூமிக்கு அத்தனை கல்லையும் வெளியிலிருந்து கொண்டுவந்ததும் போதாதா? கட்டுக்கதை எதற்கு?

வடபுறம் தொப்பி போட்ட ஐரோப்பியர் உருவம் ஒன்றைக் காட்டி, 'வெள்ளைக்காரன் வருவான் என்று சோழனுக்கு அன்றே தெரியும்' என்பார்கள். அது பிற்காலத் திருப்பணியில் சேர்ந்த உருவம். சிரித்துவிட்டு நகருங்கள்.

சோழர் ஓவியங்களைப் பார்க்க முடியுமா? (வாசகி, ஓசூர்)

நேரில் முடியாது. கருவறையைச் சுற்றியுள்ள உட்சுற்றில் இருக்கும் அவற்றை 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். மேலே நாயக்கர் கால ஓவியம், அதற்கு அடியில் சோழர் ஓவியம். கூட்டம் போனால் ஈரமும் மூச்சுக்காற்றும் சுண்ணப் பூச்சைக் கெடுக்கும் என்பதால் பொதுமக்களை விடுவதில்லை. மேல்தளத்தில் 81 நாட்டியக் கரணச் சிற்பங்கள் இருக்கும் சுற்றும் இப்படித்தான். கோயில் வளாகத்திலேயே, முற்றத்தைச் சுற்றி ஓடும் தூண் மண்டபமான திருச்சுற்று மாளிகையில் தொல்லியல் துறையின் விளக்கக் கூடம் இருக்கிறது. ஓவியங்களின் பெரிய வண்ணப்படங்களை அங்கே பார்க்கலாம். திருச்சுற்றுச் சுவர்களில் நீங்கள் காணும் ஓவியங்கள் நாயக்கர், மராட்டியர் காலத்தவை. அவற்றைச் சோழர் ஓவியம் என்று எண்ணிக்கொண்டு போகிறவர்கள் நிறையப் பேர்.

அரண்மனை ஏமாற்றமாக இருந்தது. மைசூர் மாதிரி இருக்கும் என்று நினைத்தோம். அங்கே பார்க்க என்னதான் இருக்கிறது? (வாசகர், வேலூர்)

மைசூரை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். நாயக்கர்கள் தொடங்கி மராட்டியர்கள் விரித்த இந்த அரண்மனை பாதி சிதைந்தும் பாதி அலுவலகங்களாகவும் கிடக்கிறது. ஒவ்வொரு கூடத்துக்கும் தனித்தனிச் சீட்டு. வாசலில் முதலில் கண்ணில் படும் சீட்டை வாங்கிக்கொண்டு ஒரு பகுதியைப் பார்த்துவிட்டு, 'இவ்வளவுதானா' என்று திரும்புகிறவர்கள் அதிகம். கலைக்கூடத்துக்கும் சரஸ்வதி மகாலுக்கும் சீட்டு வாங்கினீர்களா என்பதை முதலில் பாருங்கள். இந்த இரண்டுக்காகத்தான் அரண்மனைக்கே போக வேண்டும்.

கலைக்கூடத்தில் திருவெண்காட்டுச் செப்புத் திருமேனிகள் இருக்கின்றன. ரிஷபவாகனரைத் தேடிப் பிடியுங்கள். காளை இல்லை. இல்லாத காளையின் மேல் கையைச் சாய்த்து, கால் மாற்றிச் சிவன் நிற்கிறார். அந்தக் கை காற்றில் ஊன்றியிருப்பதைப் பார்த்தால் காளையின் உயரம்கூட நமக்குத் தெரிந்துவிடுகிறது. தலைப்பாகையாகச் சுற்றிய சடையைப் பார்க்கப் பக்கவாட்டிலும் போய் நில்லுங்கள். 1011ஆம் ஆண்டை ஒட்டிய வேலை அது; பெரியகோயில் முடிந்த மறு ஆண்டு. பக்கத்தில் உமை, 1012. தஞ்சாவூரில் ஒரே ஒரு பொருளைத்தான் பார்க்க முடியும் என்றால் விமானத்துக்குப் பதில் இதைச் சொல்லவும் நாங்கள் தயங்கமாட்டோம்.

சரஸ்வதி மகால் நூலகத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிகளும் காகிதச் சுவடிகளும் உள்ளன. பொதுமக்கள் பார்ப்பது அவற்றில் மிகச் சிறு பகுதியை வைத்திருக்கும் அருங்காட்சியகத்தை மட்டும். இரண்டாம் சரபோஜி (1798–1832) சேர்த்த படங்களில் மனித முகத்தை விலங்கு முகத்தோடு ஒப்பிடும் பிரெஞ்சு வரைபடங்களின் முன்னால் சிறுவர்கள் நகரவே மாட்டார்கள். புதன்கிழமை விடுமுறை, இதை மறந்து புதனன்று வந்து பூட்டைப் பார்த்துத் திரும்பாதீர்கள். படம் எடுக்க அனுமதி இல்லை. நூலகப் பதிப்பாக வந்த பழைய மருத்துவ, சமையல், இசை நூல்களை அங்கேயே விற்கிறார்கள். விலை மலிவு.

வளாகத்தில் சுமார் 92 அடி நீளத் திமிங்கல எலும்புக்கூடு ஒன்றும் உண்டு. 1955இல் தரங்கம்பாடிக் கரைக்கு வந்தது. சிலைகள் சலித்துப்போன பிள்ளைகளை அங்கே அழைத்துப் போங்கள்.

அப்பாவுக்கு முழங்கால் வலி, எழுபத்தைந்து வயது. சமாளிக்க முடியுமா? (வாசகி, திருநெல்வேலி)

பெரியகோயில் முற்றம் சமதளம். நடப்பது சிரமம் இல்லை. ஆனால் தூரம் உண்டு. முற்றம் மட்டுமே ஏறத்தாழ 240 மீட்டர் நீளம், 120 மீட்டர் அகலம். சிரமம் மூலவரைப் பார்க்க ஏறும் படிகளில்தான், செங்குத்தாக உயரும். ஏற முடியாதவர்கள் நந்தி மண்டபத்துக்குப் பக்கத்தில் நேர்க்கோட்டில் நின்று கும்பிடலாம். செருப்பை வாசலிலேயே விட வேண்டியிருப்பதால் கனமான காலுறை ஒன்றைக் கையோடு வைத்திருங்கள். அரண்மனையில் மாடிப் படிகளை விட்டுவிட்டுத் தரைத்தளச் சிலைக்கூடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஏப்ரல், மே மாதங்களைத் தவிருங்கள். தை, மாசி நல்ல காலம். ஐப்பசி, கார்த்திகையில் வந்தால் குடை அவசியம். ஐப்பசிச் சதயத்தில் இராசராசனின் சதய விழா நடக்கும். கோலாகலம்தான், ஆனால் முழங்கால் வலிக்காரருக்கு அந்தக் கூட்டம் ஆகாது.

தஞ்சாவூர் ஓவியம் ஒன்று வாங்கினோம். இரண்டே வருடத்தில் தங்க நிறம் மங்கிக் கறுத்துவிட்டது. நல்லதை எப்படி அடையாளம் காண்பது? (வாசகர், பெங்களூரு)

உங்களுக்குக் கொடுத்தது தங்க ரேக்கு (மெல்லிய தங்கத் தகடு) அல்ல, தங்க நிறத் தாள். செப்புக் கலப்புள்ள மலிவுத் தாள் காற்றுப் பட்டுக் கறுக்கும். 22 கேரட் ரேக்கு கறுக்காது.

செய்முறை தெரிந்தால் கேள்வி கேட்க வரும். பலகையின் மேல் துணியை ஒட்டி, சுண்ணாம்புத் தூளையும் பசையையும் குழைத்துப் பூசி, காய்ந்ததும் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். அதன்மேல் கோட்டோவியம். கண்ணாடிக் கற்களைப் பதித்து, நகை, தூண், திருவாசி போன்ற இடங்களை மக்கு என்னும் குழைவை வைத்துப் புடைப்பாக எழுப்பி, மேலே ரேக்கு ஒட்டுவார்கள். வண்ணம் தீட்டுவது பிறகுதான். முகம் கடைசி. முன்பு பலாப் பலகை. இப்போது பெரும்பாலும் பிளைவுட். அதில் குற்றமில்லை, ஆனால் தண்ணீர் தாங்கும் ரகமா என்று கேளுங்கள். மெல்லிய பலகை மழைக்காலத்தில் வளையும், வளைந்தால் மக்கு வெடிக்கும், வெடிப்பில் ரேக்கு கிழியும். சேதம் பெரும்பாலும் இந்த வரிசையில்தான் நடக்கிறது.

கடையில் படத்தைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். அசல் ரேக்கு மெத்தென்ற மஞ்சள் ஒளி தரும். போலி, கண்ணாடிபோல் பளபளக்கும். புடைப்பின் ஓரங்களைக் கவனியுங்கள். ரேக்கு பள்ளத்துக்குள்ளும் இறங்கி ஒட்டியிருக்க வேண்டும், பாலம்போல் மேலே நிற்கக்கூடாது. பிறகு முகம். கண் இரண்டும் ஒரே மட்டத்தில் இல்லாத கிருஷ்ணருக்கு எத்தனை சவரன் ஒட்டினாலும் பயனில்லை. ரசீதில் '22 கேரட் தங்க ரேக்கு' என்று எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் அடுத்த கடை. சட்டம் போடாமல் வாங்கி ஊரில் போட்டுக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். வழியில் உரசினால் ரேக்கு போய்விடும். வீட்டில் சமையலறைச் சுவரிலும், ஓதம் ஏறும் வெளிச்சுவரிலும் மாட்டாதீர்கள்.

தலையாட்டி பொம்மையும் நெட்டிக் கோயிலும் வாங்க ஆசை. ரயிலில் சேலம் வரை உடையாமல் போகுமா? (வாசகி, சேலம்)

ராஜா ராணி பொம்மை போகும். அடியில் கனமான களிமண் கிண்ணம், மேலே காகிதக் கூழ். அந்த அடிப்பாரம்தான் சாய்த்தாலும் எழுந்து நிற்க வைக்கிறது. வாங்கும்போது சாய்த்துவிட்டுப் பாருங்கள். ஆடி முடிந்து நேராக நிற்க வேண்டும். ஒருபக்கம் சாய்ந்தே நின்றால் களிமண் கோணலாக இறுகியிருக்கிறது என்று பொருள், அதைச் சரிசெய்ய முடியாது. நடனப் பொம்மை நான்கு துண்டு. கழற்றி, துண்டு துண்டாகத் துணியில் சுற்றுங்கள். உள்ளிருக்கும் கம்பி முனை வளைந்தால் ஆட்டம் நின்றுவிடும்.

நெட்டி வேறு கதை. நீரில் வளரும் செடியின் தக்கைபோன்ற தண்டைச் சீவிச் செய்வது. கண்ணாடிப் பெட்டியோடுதான் வாங்க வேண்டும், மடியில் வைத்துத்தான் கொண்டுபோக வேண்டும். இருக்கைக்கு அடியில் வைத்தால் சேலத்தில் தூள்தான் இறங்கும்.

வீணை செய்யும் இடத்தைப் பார்க்கலாமா? (மாணவர், திண்டுக்கல்)

பார்க்கலாம். அவை வீட்டோடு சேர்ந்த பட்டறைகள் என்பதால் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போவது மரியாதை. குடம், தண்டி, யாளி முகம் மூன்றையும் தனித்தனியாகச் செய்து இணைப்பது ஒட்டு வீணை. ஒரே பலாமரத்தில் குடைவது ஏகாண்ட வீணை. 24 மெட்டுகளையும் (தந்திகளுக்கு அடியில் வரும் குறுக்குக் கட்டைகள்) மெழுகில் பதிப்பதைப் பார்க்கக் கிடைத்தால் விடாதீர்கள், சுருதி பிடிபடுவது அந்த இடத்தில்தான். வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: வெயிலில் நிறுத்திய காரில் வீணையை வைத்துவிட்டுக் கோயிலுக்குப் போகாதீர்கள். மெழுகு இளகி மெட்டு நகர்ந்துவிடும்.

கல்லணை எப்போது போனால் தண்ணீர் இருக்கும்? (வாசகர், புதுச்சேரி)

வழக்கமாக ஜூன் 12இல் மேட்டூர் திறந்து, சில நாள் கழித்துக் கல்லணை திறப்பார்கள். மேட்டூரில் நீர் குறைந்த ஆண்டுகளில் இது தள்ளிப்போகும், ஆகவே செய்தியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். ஆகஸ்ட் முதல் டிசம்பர் வரை போவது உத்தமம். காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், புது ஆறு என்று நீர் பிரியும் இடத்தைப் பாலத்தின் மேல் நடந்தே பார்க்கலாம். இறங்கிக் குளிக்காதீர்கள், மதகுக்குக் கீழே சுழல் உண்டு. அங்கே பிரிகிற புது ஆறுதான் தஞ்சாவூரில் பெரியகோயிலுக்கு அருகே ஓடுகிற கால்வாய்.

மாலை இரண்டு மணி நேரம் மிச்சம் இருந்தால்? (வாசகி, கரூர்)

திருவையாறு. பழைய பேருந்து நிலையத்திலிருந்து பேருந்து உண்டு, பதின்மூன்று கிலோமீட்டருக்குள். போகும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து ஆறுகளை எண்ணுங்கள்: வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி. கரையில் தியாகராஜர் சமாதி. தை மாதப் பகுள பஞ்சமி ஆராதனை நாட்களில் இரண்டு மணி நேரத்தில் திரும்பலாம் என்ற நினைப்பே வேண்டாம். மற்ற நாட்களில் அமைதியாக இருக்கும். பாசிப்பருப்பில் செய்யும் அசோகா அந்த ஊர்ப் பண்டம். சூடாக வாங்கி அங்கேயே சாப்பிடுங்கள், ஆறினால் நெய் உறைந்து பாதி ருசி போய்விடும்.

தாராசுரம், கங்கைகொண்டசோழபுரம் இரண்டையும் பேருந்தில் ஒரே நாளில் முடிக்கலாமா? (வாசகர், நாகர்கோவில்)

முடியும், ஆனால் காலை ஆறு மணிக்குப் புதிய பேருந்து நிலையத்தில் இருக்க வேண்டும். பழைய நிலையத்துக்கும் புதியதற்கும் இடையே நாலைந்து கிலோமீட்டர். மாறிப் போய் அரைமணி நேரம் இழக்காதீர்கள். தூரத்தில் இருக்கும் கங்கைகொண்டசோழபுரத்தை முதலில் முடித்துக்கொண்டு, கும்பகோணத்தில் சாப்பிட்டு, நாலு மணிக்குத் தாராசுரம் வாருங்கள். அங்கே அறுபத்துமூவர் கதைச் சிற்பங்கள் சாண் உயரத்துக்குள் அடங்கும் சின்னஞ்சிறு வேலை. கைபேசி விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் தெளிவாகத் தெரியும். இரண்டையும் நேர்மாறாக வைத்துக்கொண்டால் நடை சாத்திய நேரத்தில்தான் கங்கைகொண்டசோழபுரம் போய்ச் சேர்வீர்கள்.